பெல்ட் ஏன் நின்றது

எங்கள் வரிசையில் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுச்சுவர் பொது. வரைபடம் போட்ட புண்ணியவான் ஒரு வீட்டை மட்டும் வரைந்துவிட்டு, மை காய்வதற்குள் தாளை மடித்து மறுபக்கம் ஒற்றி எடுத்திருப்பார் போல. எங்களுக்கு வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் சமையலறை. பக்கத்து வீட்டுக்கு வலப்பக்கம். எங்கள் குளியலறைக் குழாய் இருக்கும் சுவருக்கு மறுபுறம்தான் அவர்கள் குழாய். அங்கே யார் குளிக்கிறார்கள், என்ன பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

நான் வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்காக விண்மீன் மண்டலங்களைப் பற்றிப் படிக்கிறேன். அது அப்பா ஓய்வு பெறும் மாதம். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை வெளியே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மூட்டை கட்ட ஆள் வேண்டும் என்று அம்மா கூப்பிட்டாள். மடிக்கணினியோடு வந்து சேர்ந்தேன். பாதி நாள் அட்டைப்பெட்டி, பாதி நாள் மண்டலம் என்று போனது.

நான் ஆராய்வது ஓய்ந்துபோன மண்டலங்களை. அவற்றில் பழைய விண்மீன்கள் இருக்கும், புதிதாக எதுவும் பிறக்காது. அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்டவை ஏராளம், அதில் அதிசயம் இல்லை. ஆனால் மிகத் தொலைவில், அதாவது மிகப் பழைய காலத்தில், மற்ற மண்டலங்கள் எல்லாம் ஓவர்டைம் போட்டு விண்மீன்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தபோதே சில மண்டலங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டன. ஏன்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். எனக்கு வாய்த்த மண்டலத்தின் ஒளி கிளம்பியபோது நம் பூமியே உருவாகியிருக்கவில்லை.

அவ்வளவு தொலைவில் இருப்பது சாதாரணமாக ஒரு சிவப்புப் புள்ளிதான். அதில் முனை எது, நடு எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. என் புள்ளிக்கு ஓர் அதிர்ஷ்டம். அதற்கும் நமக்கும் நடுவே, பார்வைக் கோட்டிலேயே, நூற்றுக்கணக்கான மண்டலங்கள் கூடிய பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஈர்ப்பு வில்லை என்று பெயர். அம்மாவுக்கு விளக்க, தடித்த கண்ணாடி டம்ளரின் அடி வழியே டியூப்லைட்டைப் பார்க்கச் சொன்னேன். விளக்கு வளைந்து நீண்டு, ஒன்று இரண்டு மூன்றாகத் தெரிந்தது. என் மண்டலமும் அப்படித்தான் மூன்று இடத்தில் தெரிகிறது: நீளமான ஒரு வில், அதற்கு எதிரே குட்டையாக ஒன்று, தள்ளி மங்கலாக ஒரு பொட்டு. மூன்றும் ஒன்றேதான்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நாலு வருஷமா இதத்தான் பாக்குறியா?"

"மூணு வருஷம். நடுவுல தூசி, கூட்டம்னு எல்லாம் மறைக்கும்மா. ஒவ்வொண்ணா விலக்கித்தான் பாக்கணும்."

"வடலூர்ல ஏழு திரைதான். ஏழும் விலக்குனா ஜோதி தெரிஞ்சிடும். உனக்கு எத்தன திரைன்னு சொன்னா நாங்களும் ஒரு தேதியக் குறிச்சிக்குவோம்."

அம்மா எந்தத் தேதியைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளைத் திணிப்பதில் மும்முரமானேன்.

அப்பா வேறு மாதிரி. கேட்டுவிட்டு உடனே எதுவும் சொல்லமாட்டார். இரண்டு நாள் கழித்து, கொல்லையில் பலா மரத்தடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்தக் கேலக்ஸி நின்னுபோச்சுன்னு சொன்னியே பாப்பா. எதனால நின்னுச்சு?"

"அதத்தான்பா ஆராயறோம்."

"இல்ல, நிக்கிறதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, அந்த முனையில சரக்கு விழல. இல்லைன்னா, யாரோ கயிற இழுத்துட்டாங்க."

பெல்ட்டின் ஓரமாக நெடுக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். பெல்ட் அங்கேயே நின்றுவிடும். பிறகு யாராவது நடந்து போய், கயிறு எங்கே இழுபட்டது என்று கண்டுபிடித்து விடுவித்தால்தான் மறுபடி ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்குக் கொடுத்த வேலை அதுதான். பெல்ட் நெடுக நடப்பது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். ஓய்ந்துபோன மண்டலத்தில் வாயு தீர்ந்துவிட்டதா, அல்லது வாயு இருந்தும் ஏதோ ஒன்று பிறப்பைத் தடுக்கிறதா? எங்கள் துறையில் சண்டை ஓயாத கேள்வி இது. நான் இரண்டு வருடம் படித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அப்பா சைக்கிள் துடைக்கிற நேரத்தில் வந்துவிட்டார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"என்னோடதுல சரக்கு தீர்ந்துபோச்சுப்பா" என்றேன். கொஞ்சம் மிடுக்காகத்தான் சொன்னேன்.

"முனை வரைக்கும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

அந்தப் பதில்தான் என் கட்டுரையின் உயிர். 'இந்த மண்டலத்தில் வாயு இல்லை, தீர்ந்துபோனதால் ஓய்ந்தது.' மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. எழுதி முடித்து, என் வழிகாட்டி படித்து, கூட எழுதியவர்கள் எல்லாரும் சரி என்று சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை இதழுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அது வெளிவந்தால் என் ஆய்வேடு முடிந்த மாதிரி. அம்மா குறிக்கும் தேதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நான் ஒரு தேதியைக் குறித்துவிடலாம்.

ஒரே ஓர் உறுத்தல் மட்டும் இருந்தது. வாயு நேரடியாகக் கண்ணில் படாது. அதோடு கலந்த தூசியின் மங்கலான மினுக்கத்தை ரேடியோ ஆண்டெனாக்களால் பிடிக்கலாம். அப்படி எடுத்த படத்தில், குட்டைப் பிம்பத்தின் ஒரு முனையில் லேசான மினுக்கம் தெரிந்தது. அது என் மண்டலத்துடையதாக இருந்தால் வாயு இருக்கிறது, என் வரி போச்சு. ஆனால் வில்லை ஒரு வசதி செய்து தருகிறது. மூன்றும் ஒரே மண்டலம் என்றால், ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருந்தாக வேண்டும். நீளமான வில்லில் எல்லாமே கூடுதலாகப் பெரிதாகித் தெரிவதால் அங்கே மினுக்கம் இன்னும் பளிச்சென்று இருக்க வேண்டும். நான் நீள வில்லின் அதே முனையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆகவே குட்டைப் பிம்பத்தருகே தெரிந்தது வேறு ஏதோ ஒரு மண்டலம், தற்செயலாக அங்கே எட்டிப் பார்க்கிறது என்று முடிவு கட்டினேன். 'நீள வில்லில் இது இல்லை' என்று ஒரு வரி எழுதி நிம்மதியானேன்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டை ஒப்படைக்கும் நாள் வந்தது. அந்த வீட்டுக்காரர் அப்பாவுக்கு முந்தின மாதமே ஓய்வு பெற்றுவிட்டார். சொந்த ஊரில் வீடு கட்டி வைத்திருந்ததால் சட்டென்று கிளம்பிவிட்டார். போகும்போது சாவியை அப்பா கையில் கொடுத்து, ஆபீஸ் ஆள் வந்தால் காட்டி ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். எங்கள் வரிசையில் இது வழக்கம். முன்னால் போகிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார். கடைசியாகப் போகிறவர்தான் திண்டாட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஆள் வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்துக்காரர், பைக்கில் வந்து இறங்கும்போதே சிரித்த முகம். ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை, சுவிட்ச் போர்டு எத்தனை, கதவுத் தாழ்ப்பாள் சரியா என்று ஒரு ஃபாரம். அப்பா அதை வாங்கிக்கொண்டு, தானே டிக் போட்டுத் தருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு ஃபாரம் என்றால் உயிர். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்ததால் பகலிலும் உள்ளே இருட்டு. அப்பா கதவைத் திறந்து உள்ளே போய், கையை உயர்த்தி, இடப்பக்கச் சுவரைத் தடவினார். மேலே தடவினார். கீழே தடவினார். பிறகு வெளியே வந்து, வெளிச்சத்தில் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் சுருங்கிப்போய்ச் சொன்னார்.

"ஹால்ல சுவிட்ச் போர்டு இல்லைங்க. கழட்டிட்டாங்க போல. அவரு அப்படிப்பட்ட ஆளே இல்ல."

'ஹால் சுவிட்ச் போர்டு' என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்று எழுதியேவிட்டார்.

ஆபீஸ் ஆள் வாசற்படியில் நின்றபடியே வலக்கையை மட்டும் உள்ளே நீட்டினார். விளக்கு எரிந்தது.

"சார், நீங்க உங்க வூட்டு செவுத்த தேடிகினு இருக்கீங்க. இது திருப்பி வச்ச வூடு."

அப்பா திகைத்து நின்றார். இருபது வருடம் அந்த வீட்டுக்குப் போய் வந்தவர். பொங்கலுக்குச் சாப்பிட்டிருக்கிறார், அந்த ஹாலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் ஒருநாளும் அவர் விளக்கைப் போட்டதில்லை. எப்போதும் வேறு யாராவது போட்டு வைத்திருப்பார்கள்.

"எல்லா பிளாக்லயும் இதே கததாங்க" என்றார் ஆபீஸ் ஆள். "பக்கத்து வூட்டுக்காரரு சாவிய வச்சிகினு வருவாரு. நேரா போயி தப்பான செவுத்த தடவிகினு நிப்பாரு. போன வாரம் ஒருத்தரு போர்டு திருட்டுப் போயிடுச்சின்னு கம்ப்ளெய்ண்டே எழுதிட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், வெட்கத்தோடு. பேனாவை எடுத்து, 'இல்லை' என்பதைக் குறுக்கே அடித்து, 'உள்ளது' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். அந்த அடித்த 'இல்லை'யைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஈர்ப்பு வில்லை பிம்பத்தைத் திருப்பிக் காட்டும். பாடத்தின் முதல் வாரத்தில் சொல்லித் தருவது இது. எதிரெதிராகத் தெரியும் இரண்டு பிம்பங்களில் ஒன்று நேராக இருந்தால் மற்றது இடவலமாகத் திரும்பி இருக்கும். குட்டைப் பிம்பத்தில் எந்த முனையில் மினுக்கம் இருந்ததோ, நீள வில்லில் நான் அதே பக்கத்து முனையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சமையலறைக் குழாயை அப்பா திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், எந்தப் புள்ளி எந்தப் பிம்பத்தில் எங்கே என்று கையால் குறித்தேன்; அதை வைத்துத்தான் கணினி வில்லையின் எடையைக் கண்டுபிடித்தது. அந்தக் குறிப்பிலேயே பிழை. கணக்கு அப்போதே ஒத்துவரவில்லை, எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சரிக்கட்ட, கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எடை ஒன்று ஓரமாக இருக்கிறது என்று வைத்துப் பூசி மெழுகியிருந்தேன். இப்போது புள்ளிகளைத் திருப்பிப் போட்டு ஓடவிட்டேன். அந்தக் கூடுதல் எடைக்குத் தேவையே இல்லாமல் எல்லாம் தானாக உட்கார்ந்துகொண்டது.

இனி மறுமுனையைப் பார்க்க வேண்டும். பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே வில்லையாக நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்த பெரிய மண்டலம் ஒன்று முன்னால் உட்கார்ந்திருந்தது. அதன் அருகே ரேடியோ படத்தில் ஒரு மினுக்கம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அது அந்தப் பெரிய மண்டலத்துடையது என்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன். பெரிய மண்டலத்தின் நடுவோடு அது பொருந்துகிறதா என்று அளந்தேன். பொருந்தவில்லை. என் வில்லின் முனையோடு அளந்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எத்தனை மடங்கு பளிச்சென்று இருக்க வேண்டுமோ அத்தனை மடங்கு இருந்தது.

வாயு இருந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அம்மா பக்கத்து அறையில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் வேறு ஒன்றும் தோன்றியது, ஒளிக்காமல் சொல்கிறேன். இதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. கூட எழுதியவர்கள் எல்லாரும் என் குறிப்பை நம்பித்தான் சரி என்றார்கள். புதன்கிழமை பேசாமல் அனுப்பிவிடலாம். அந்த நினைப்போடு ஒரு தேநீர் குடித்தேன். குடித்து முடித்ததும் கண், மண்டலத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த நிறமாலைப் பக்கம் போனது. அதில் எந்தத் தகராறும் இல்லை. புது விண்மீன் பிறக்கும் அடையாளம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் வாயு குவிந்து கிடக்கிறது, ஆனாலும் ஒன்றும் பிறக்கவில்லை. ஏன்? அந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் அந்தப் பழைய வரியோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. வழிகாட்டிக்கு நாலு வரி எழுதினேன்: கட்டுரையை அனுப்ப வேண்டாம், பிம்பத்தைத் திருப்பாமல் குறித்துவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது, வாயு இருக்கிறது. அனுப்பு என்பதை அழுத்தினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. 'நல்லவேளை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய். ஒரு வருடமாவது ஆகும்.' திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்பா கொல்லையில் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச் போர்டைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது என்றதும் அவருக்கு முதலில் பெருமை, பிறகு சங்கடம்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒருநாள் பெல்ட் நின்னுது" என்றார். "நல்ல மழை. பாதி தூரம் நடந்தேன், கயிறு சரியாத்தான் இருந்துது. அதுக்கு மேல போகல. திரும்பி வந்து, முனையில சரக்கு வரத்து இல்லைன்னு லாக் புக்ல எழுதிட்டேன். ஒரு மணி நேரம் எல்லாரும் சரக்குக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம். கடைசில பாத்தா, முனைகிட்ட முள்மரக் கிளை ஒண்ணு முறிஞ்சு கயித்து மேல விழுந்து கெடக்கு. சரக்கு அந்தப் பக்கம் தயாராத்தான் இருந்திருக்கு."

"திட்டுனாங்களா?"

"யாரும் கேக்கவே இல்ல. கிளைய எடுத்தாங்க, பெல்ட் ஓடுச்சு. லாக் புக்ல நான் எழுதுனது அப்படியே இருக்கு. இந்த மாசம் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வரும்போது அந்த ஞாபகம்தான் வருது."

அப்பா இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முனை வரைக்கும் பார்த்தாயா என்று அன்றைக்குக் கேட்டது அவருடைய முப்பது வருட உறுத்தல் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரே மறுபடி ஆரம்பித்தார். குரலில் பழைய ஆவல் வந்துவிட்டது.

"அப்ப உன்னோடதுல சரக்கு இருக்கு. கயிறு இழுபட்டிருக்கு."

"ஆமாப்பா."

"எங்க?"

"தெரியல. நடுவுல ஒரு பெரிய கருந்துளை இருக்கும், அது சூடாக்கி விடுதோ என்னவோ. வேற காரணமும் இருக்கலாம். தேடணும்."

"எவ்வளவு தூரம்?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பின்கதவில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, கையில் இன்னும் செய்தித்தாள் சுருள் இருந்தது.

"மறுபடி முதல்லேருந்தா? அப்ப இன்னும் எத்தன திரை இருக்கு உனக்கு?"

எனக்கு முன்னால் அப்பா பதில் சொன்னார்.

"விடு. அவளாவது முனை வரைக்கும் நடந்துட்டு வரட்டும்."